இரண்டரை அடி

காலையில் பால் கறந்து முடித்ததும் நிலக்காரர் தம் நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் தேநீரைத் தொடுவார். முப்பது ஆண்டுகளாக இந்த வழக்கத்தில் மாற்றமில்லை. மழை பெய்தால் ஒரு சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். காய்ச்சல் அடித்தால் கம்பளியைச் சுற்றிக்கொண்டு புறப்படுவார். "நிலம் எங்கேயும் ஓடிப்போயிடாது, படுங்க" என்று மனைவி சொன்னால், "ஓடாதுதான். ஆனா நான் போகலேன்னா அதுக்கு முகம் வாடிடும்" என்பார். கையில் ஒரு குச்சி இருக்கும். வாய்க்காலில் அடைத்துக்கொண்ட சருகைக் கிளறிவிடுவதற்கும், வழிமறித்து நிற்கும் மாட்டிடம் "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்று சொல்லும்போது அதன் முதுகைத் தொடுவதற்கும் மட்டுமே அது பயன்பட்டது. கொட்டில், உருளைக்கிழங்குப் பாத்தி, பட்டாணிக் கொடி, கிணறு, மேற்கு வயல் என்று ஒரே வரிசையில்தான் போவார். வரிசை மாறினால் அன்றைக்குக் கிணறு கோபித்துக்கொள்ளும் என்று நம்புகிறவரைப் போல.

மேற்கு வயலை எட்டியதும் மட்டும் அந்த நடை சற்றுப் பிசகும்.

வயலின் நடுவே ஒரு கல் நிற்கிறது. ஏழரை அடி உயரம். அடியில் பருத்து, மேலே ஒடுங்கி, எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஆளைப் போல இலேசாக முன்னால் குனிந்து நிற்கும். யார் நட்டது, எதற்கு நட்டது என்று எவருக்கும் தெரியாது. எழுத்து உண்டாவதற்கு முன்பே வாழ்ந்தவர்களின் வேலை என்று படித்தவர்கள் சொன்னார்கள். கல்லுக்குக் கிழக்கே, சற்றுத் தள்ளி, தரையோடு தரையாக ஒரு பாறை கிடக்கிறது. அதன் நடுவில் கிண்ணம் அளவுக்கு ஒரு குழி. அந்த இடம் வந்ததும் நிலக்காரருக்கு எதிர்ப்பக்க வேலியில் ஏதாவது அவசரமாகப் பார்க்க வேண்டியதாகிவிடும். தொண்டையைச் செருமிக்கொண்டு, கழுத்தைத் திருப்பிக்கொண்டு, கல்லைத் தாண்டிவிடுவார். மாடுகள் இதைக் கவனித்திருந்தன. மனிதர்கள் எவரும் கவனிக்கவில்லை.

அப்படிப்பட்டவர், அந்தக் கல்லைப் பார்க்க ஊரையே அழைத்து ஒரு விழா நடத்த ஒப்புக்கொண்டதற்குக் காரணம் பட்டாணிதான். கல்லைப் படம் பிடிக்க வருகிறவர்கள் வேலியைத் தாண்டிக் குதித்துக் கொடியையெல்லாம் மிதித்துத் துவைத்தார்கள். அருங்காட்சியகத்திலிருந்து வந்த ஒரு பெண் இதற்கு வழி சொன்னாள். "ஒரு நாள் நீங்களே எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுங்க ஐயா. நடக்கறதுக்கு ஒரு பாதை போட்டுடலாம். கல்லைப் பத்தி ஒரு பலகை வெச்சுடலாம். அப்புறம் யாரும் பயிரை மிதிக்க மாட்டாங்க." நல்ல யோசனை என்று நிலக்காரர் தலையாட்டினார். பகலும் இரவும் சமமாகிற நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் தொடர்ந்தபோதுதான் ஆடிய தலை நின்றது.

"வேற நாள் வெச்சுக்கலாமே. அதுக்கு அடுத்த வாரம்? இல்லாட்டி அதுக்கு முந்தின வாரம்?"

"அந்த நாள்தான் ஐயா பொருத்தம். கல்லோட நிழலைப் பத்தி ஏதோ கதை இருக்காமே, எல்லாரும் சொல்றாங்க."

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் பலகையில் எழுதப்போகும் வாசகத்தோடு வந்தாள். காலணியைச் சேறு விழுங்கியிருந்தது. அளவுநாடா கழுத்தில் மாலையாகத் தொங்கியது.

"நிலம் உங்களோடது. நீங்க படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் அச்சுக்குப் போகும்."

நிலக்காரர் வாய்விட்டுப் படித்தார். கல்லின் உயரம், வயது, நட்டவர்கள் எப்படி இழுத்து வந்திருக்கக்கூடும் என்கிற விவரம் எல்லாம் அழகாக இருந்தன. கடைசிப் பத்தியில் அவர் குரல் இறங்கிப்போயிற்று.

"பகலும் இரவும் சமமாகும் நாளில், சரியாக நான்கு மணிக்கு, இக்கல்லின் நிழல் பாறைக் குழியைத் தொடும் என்று இவ்வூரில் ஒரு கூற்று உண்டு. கணித்துப் பார்த்ததில் நிழல் பதினேழு நிமிடம் பிந்தியே குழியைத் தொடுகிறது. எனவே அக்கூற்று பிழையானது."

"இந்தக் கடைசி வரி வேணுமாம்மா?"

"உண்மைய எழுதணும் இல்லையா ஐயா? யாரு சொன்னதுன்னு நான் பேர் போடலையே."

"பேர் போடாட்டி என்ன, ஊருக்கே தெரியும்."

"யாரு?"

"என் மச்சான். வீட்டுக்காரிக்குக் கூடப்பிறந்த அண்ணன். கடைத்தெருவுல கடிகாரம் பழுது பார்க்கறாரே, அவர்."

அவள் முகம் சுருங்கியது. "அச்சச்சோ. வருத்தப்படுவாரா? இது உலோகத் தகடு வேற. ஐம்பது வருஷம் மழையில நின்னாலும் எழுத்து அழியாது."

நிலக்காரர் தாளை இரண்டாக மடித்தார். பிறகு நான்காக மடித்தார். "கையெழுத்து நாளைக்குப் போடறேன்மா. கண்ணாடிய எங்கேயோ வெச்சிட்டேன்."

கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது. அவள் நல்ல வளர்ப்பு. "தேடி எடுத்துக்கங்க ஐயா" என்று விடைபெற்றாள்.

நடந்தது பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு. கடிகாரக்காரருக்கு அப்போது அந்தக் கல்லின் மேல் தீராத ஆசை. கடை மூடும் நாட்களில் எல்லாம் நூலும் நோட்டுமாக மேற்கு வயலுக்கு வந்துவிடுவார். மூன்று ஆண்டு அளந்து, சமபகல் நாளில் நான்கு மணி அடிக்கும்போது நிழலின் நுனி குழிக்குள் இறங்குகிறது என்று கண்டுபிடித்தார். "பழைய ஜனங்க கடிகாரம் மாப்ள இது! 'வேலைய நிறுத்துங்க, இருட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேருங்க'ன்னு சொல்ற கடிகாரம்!" நான்காம் ஆண்டு அந்த நாளில் ஊரைக் கூட்டிக் காட்டப்போவதாக எல்லோரிடமும் சொல்லி வைத்தார்.

அந்த நாளுக்கு மூன்று நாள் முன்னால் நிலக்காரர் எருவண்டியை டிராக்டரில் பூட்டிப் பின்பக்கமாக எடுத்தார். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்ததால் மனைவி ஊரில் இல்லை. 'தடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது நாலாயிரம் ஆண்டு நின்ற கல் மெதுவாக, சலித்துப்போன எருமை படுப்பதைப் போல, மேற்குப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. பழங்கல்லை அசைத்தால் வழக்கு வரும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். சங்கிலியும் மரக்கட்டையுமாக இரண்டு பகல் போராடி அதைத் தூக்கி நிறுத்தினார். பழைய குழியின் மேற்கு விளிம்பு இடிந்து அகன்றுவிட்டதால் கல் இரண்டரை அடி பின்னால்தான் உட்கார்ந்தது. இரண்டரை அடியை யார் பார்க்கப்போகிறார்கள் என்று மண்ணைத் தள்ளி, வேறிடத்துப் புல்லைப் பெயர்த்து வந்து ஒட்டினார்.

நிழல் பார்த்துவிட்டது. அந்த நாளில் நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். நான்கு மணி ஆயிற்று. நிழல் குழிக்கு இரண்டரை அடி முன்னாலேயே நின்றது. கடிகாரக்காரர் கையிலிருந்த கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். நிழல் ஆடி அசைந்து குழியைத் தொட்டபோது மணி நான்கு பதினேழு. "நிழலுக்கு வழியில யாரோ தெரிஞ்சவங்க கெடைச்சிட்டாங்க போல" என்றார் ரொட்டிக்கடைக்காரர். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நிலக்காரரும் சிரித்தார். பயத்தில் வந்த சிரிப்புதான். ஆனால் சிரிப்புக்கு எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லும் வழக்கம் இல்லை. கடிகாரக்காரர் அவரை மட்டும் ஒரு முறை பார்த்தார். பிறகு நோட்டை மூடிக்கொண்டு போனவர், தங்கை வீட்டுப் படியை மறுபடி மிதிக்கவில்லை. ஊர் அவருக்குப் 'பதினேழு' என்று பெயர் வைத்தது. நிமிடத்தையே தவறவிட்டவரிடம் கடிகாரத்தைக் கொடுப்பானேன் என்று பாதிப் பேர் வேறு கடைக்குப் போனார்கள்.

பலகைத் தாள் வந்த அன்று மாலை சமையலறையில் விழாவுக்கு வருகிறவர்களின் சூப்புக்காகப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். மேசையின் இரு பக்கமும் கணவனும் மனைவியும். நடுவில் தோட்டுக்கு ஒரு கூடை, மணிக்கு ஒரு பாத்திரம். ஜன்னல் கண்ணாடியில் தூறல் விழுந்தது.

"அண்ணன் வர்றேன்னு சொல்லிட்டாரு!" என்றார் மனைவி. முகம் விளக்கேற்றினாற்போல் இருந்தது. "கடைக்குப் போயி ஒரு மணி நேரம் நின்னேன். 'நிழலைப் பத்தி யாரும் பேசலேன்னா வரேன்'னாரு. யாரும் பேச மாட்டாங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். பதினோரு வருஷம் கழிச்சு எங்க அண்ணன் இந்த மேசையில உக்காந்து சூப்புக் குடிக்கப்போறாரு. ஒரு கேலிக்கு இவ்வளவு கோவமான்னு எனக்கும் வருத்தந்தான். இருந்தாலும் வர்றாரே."

நிலக்காரர் ஒரு தோட்டை உரித்து, மணிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, தோட்டைப் பாத்திரத்திலும் மணிகளைக் கூடையிலும் போட்டார்.

"ஒரு காட்டுல ஒரு கரடி இருந்துச்சாம்" என்றார்.

"என்ன திடீர்னு கரடி?"

"கேளேன். அந்தக் கரடி ஒரு நாள் பின்பக்கமாவே நடந்து வந்துச்சாம். காட்டுலேயே பெரிய மரம் ஒண்ணு இருந்துச்சாம். அதுல போயி இடிச்சிடுச்சு. மரம் சாஞ்சிடுச்சு."

"கரடி எதுக்குப் பின்பக்கமா நடக்குது?"

"பாரம் இருந்துச்சு."

"என்ன பாரம்?"

"எரு."

மனைவி உரிப்பதை நிறுத்தினார். கடைந்தெடுத்த பொய்க்கும் கலங்கிப்போன உண்மைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நாற்பது ஆண்டுக் குடும்பம் போதும். "அந்தக் கரடிக்கு டிராக்டர் ஓட்டத் தெரியுமோ?"

"தெரியும். ஆனா பின்னாடி எடுக்க அவ்வளவாத் தெரியாது."

"என்னங்க, நேராச் சொல்லுங்க."

சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் பட்டாணி உரித்த விரல்கள் பச்சையாகி, துடைத்த நெற்றியும் பச்சையாகியிருந்தது. பலகையின் தாளையும் எடுத்து விரித்து வைத்தார். மனைவி கடைசி வரியை இரண்டு முறை படித்தார்.

"அப்போ அண்ணன் சொன்ன நாலு மணி?"

"சரிதான். நூத்துக்கு நூறு சரி."

வெளியே ஒரு மாடு கத்தியது. யாரும் எழுந்து போகவில்லை.

"கல்லு சாஞ்சது பெரிய தப்பில்லீங்க" என்றார் மனைவி மெல்ல. "யாரு இடிச்சாலும் சாயும். பயந்து மறைச்சீங்க, அதுகூடப் புரியுது. ஆனா எல்லாரும் சிரிச்சாங்களே அன்னிக்கு, நானும் முந்தின நாள்தான் ஊர்லேர்ந்து வந்து பக்கத்துலயே நின்னேன். ஜனங்க எல்லாம் நிறுத்தின அப்புறமும் நீங்க சிரிச்சீங்க. அதைத்தான் எங்கண்ணன் பார்த்தாரு." அவர் கூடையில் கிடந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாத்திரத்தில் போட ஆரம்பித்தார். "காலையில போங்க. முதல்ல அவர்கிட்ட. என்கிட்டச் சொன்ன மாதிரி கரடியெல்லாம் கூட்டிட்டுப் போகாதீங்க."

கடிகாரக் கடை ஆறடி அகலம். சுவர் முழுக்கக் கடிகாரங்கள் ஒரே மூச்சில் ஓடின. ஒன்றுகூட அரை நொடி முந்தியதில்லை, பிந்தியதில்லை. கடிகாரக்காரர் கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு, குண்டூசித் தலை அளவு திருகாணி ஒன்றோடு மல்லாடிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வாங்க மாப்ள. கடிகாரம் ஏதாவது நின்னு போச்சா?"

"கடிகாரம் ஓடுது மச்சான். நான்தான் நின்னு போயிட்டேன்."

"உக்காருங்க. அந்த முக்காலி ஆடும், பார்த்து."

நிலக்காரர் உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த நீண்ட பேச்சு, வாசலிலேயே கழன்று விழுந்திருந்தது. "அந்தக் கல்லை நகர்த்தினது நான் மச்சான். வண்டி இடிச்சிடுச்சு. ரெண்டரை அடி."

"ரெண்டடி அஞ்சரை அங்குலம்" என்றார் கடிகாரக்காரர், திருகாணியை இறக்கிக்கொண்டே.

சுவர்க் கடிகாரங்கள் அவ்வளவும் அந்தக் கணம் மட்டும் உரக்க ஓடியதாக நிலக்காரருக்குப் பட்டது.

"தெரியுமா?"

"மறுநாள் காலையிலேயே தெரியும்." கடிகாரக்காரர் இழுப்பறையைத் திறந்து ஒரு நூல்கண்டை எடுத்து வைத்தார். பழுப்பேறிய நூலில் ஒரு முடிச்சு. "குழியிலேர்ந்து கல்லுக்கு அளந்து வெச்ச நூலு. நீங்க மாடு கட்டப் போயிருந்த நேரமாப் பார்த்து வந்தேன். முடிச்சு கல்லை எட்டல. சுத்திப் புதுப் புல்லு வேற ஒட்டியிருந்தீங்க. ஒட்டினதுதான் ஒட்டினீங்க, தண்ணி ஊத்தக் கூடாதா? வாடிப்போயிருந்தது."

"அப்புறம் ஏன் மச்சான் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா உங்க மேல வழக்கு வரும். அது என் தங்கச்சி வீடு." உருப்பெருக்கியை எடுத்துத் துடைத்தார். "அதோட, நீங்களே வந்து சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். மனுஷன் பயந்திருக்காரு, எப்படியும் ஒரு வாரத்துல வந்துடுவாருன்னு கணக்குப் போட்டேன்." துடைத்ததை மறுபடி கண்ணில் செருகிக்கொண்டார். "அந்தக் கணக்குதான் கொஞ்சம் பிசகிப்போச்சு."

நிலக்காரர் ஆடுகிற முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்போது தபால்காரர் உள்ளே எட்டிப் பார்த்துக் கைக்கடிகாரப் பட்டையை வாங்கிக்கொண்டு, "வரேன் பதினேழு! நாளைக்கு விழாவுக்கு நேரத்தோட வந்துடு, என்ன?" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். கெட்ட எண்ணம் சிறிதும் இல்லாத, பழகிப்போன தட்டல். கடிகாரக்காரரும் பழகிப்போனதொரு சிரிப்புச் சிரித்தார். நிலக்காரர் அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் பக்கத்திலிருந்து பார்த்தார்.

பலகையின் தாளைக் காட்டினார். கடிகாரக்காரர் படித்துவிட்டு, "எழுத்துப் பிழை ஒண்ணும் இல்லை" என்றார்.

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன் மச்சான்."

"வேண்டாம் மாப்ள. என்கிட்டச் சொல்லிட்டீங்க, முடிஞ்சு போச்சு. மனசுல இருந்த முள்ளு எடுத்தாச்சு. இந்த வயசுல நீங்க எதுக்குப் போலீஸு, கோர்ட்டுன்னு அலையணும்? ஒரு வரிதானே, இருந்துட்டுப் போகட்டும். நான் நாளைக்கு வரல, அவ்வளவுதான். தங்கச்சிகிட்ட ஜலதோஷம்னு சொல்லிடுங்க." கை நீட்டி நிலக்காரரின் முழங்காலைத் தட்டினார். "போங்க. போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க."

கடையை விட்டு இறங்கியபோது நிலக்காரருக்கு உடம்பே இலேசாகிவிட்டாற்போல் இருந்தது. மன்னிப்பும் கிடைத்தது, வழக்கும் இல்லை. பாலம் வரை அந்த இலேசு கூட வந்தது. பாலத்தின் நடுவில் அவர் நின்றார். முதுகில் தட்டிய அந்தக் கை ஞாபகம் வந்தது. ஐம்பது ஆண்டு மழையில் அழியாத எழுத்து ஞாபகம் வந்தது. மச்சான் மன்னித்ததைத் தாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவது, குழந்தை கை நீட்டிக் கொடுக்கிறது என்பதற்காக அதன் தட்டிலிருந்து எடுத்துத் தின்பதைப் போல இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்: "உங்கண்ணனை எப்படியாவது கூட்டிட்டு வந்துடு. மூணரை மணிக்கு அவர் வயல்ல இருக்கணும்."

"வர மாட்டேன்னாரா?"

"ஜலதோஷமாம்."

"நான் பார்த்துக்கறேன்" என்றார் மனைவி. "அவர் ஜலதோஷத்தை நான் எத்தனை வயசுலேர்ந்து பார்க்கிறேன்."

மறுநாள் வானம் ஒரு நிலையில் இல்லை. மேகம் மூடுவதும் விலகுவதுமாக இருந்தது. வயலில் பலகைத்துண்டு பரப்பிய பாதையில் ஜனம் வந்தவண்ணம் இருந்தது. வண்டி நிறுத்தக் கொட்டிலின் பின்புறம் இடம் விட்டிருந்தார்கள். பெரிய அண்டாவில் தேநீர், இன்னொன்றில் பட்டாணி சூப்பு. ரொட்டிக்கடைக்காரர் தம் வெள்ளைத் தொப்பியோடு வந்து கூடை கூடையாக ரொட்டியை அடுக்கினார். வேலிக்கு அப்பால் மாடுகள் வரிசையாக நின்று, தங்களைப் பார்க்கத்தான் இத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்ற மரியாதையோடு அசைபோட்டன.

மூன்றரைக்கு மனைவி வந்தார். அண்ணனின் முழங்கையை அவர் விட்டபாடில்லை. கடிகாரக்காரர் சலவைச் சட்டை போட்டிருந்தார். மூக்கு சிவக்கவே இல்லை.

"வாய்யா பதினேழு!" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "இன்னிக்காவது நிழல் நேரத்துக்கு வருமா, இல்லே வழக்கம்போலக் காத்திருக்கணுமா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கடிகாரக்காரர் தங்கையைப் பார்த்தார். "யாரும் பேச மாட்டாங்கன்னியே" என்று உதடு மட்டும் அசைந்தது.

அருங்காட்சியகப் பெண் கல்லைப் பற்றி நன்றாகவே பேசினாள். இந்த எடையை எத்தனை பேர் இழுத்திருப்பார்கள் என்று கணக்குச் சொன்னபோது எல்லோரும் கல்லை ஏற இறங்கப் பார்த்தார்கள். "கடைசியா, இந்த நிழலைப் பத்தி ஒரு சின்ன விளக்கம்…" என்று அவள் தாளைப் புரட்டியபோது மணி நான்காகப் பதினைந்து நிமிடம் இருந்தது.

"ஒரு நிமிஷம்மா" என்றார் நிலக்காரர்.

அவர் கூட்டத்தில் பேசிப் பழகியவர் அல்லர். தொப்பியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டு, திரும்பவும் கழற்றினார். கல்லை நேருக்கு நேர் பார்த்தார்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இதே நாள்ல இங்க நின்னவங்க பாதிப் பேர் இப்பவும் நிக்கிறீங்க. என் மச்சான் நாலு மணின்னாரு. நிழல் நாலு பதினேழுக்கு வந்துச்சு. எல்லாரும் சிரிச்சோம்." தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டார். "தப்பு அவர் மேல இல்லை. அதுக்கு மூணு நாள் முன்னாடி வண்டியில இடிச்சு இந்தக் கல்லைச் சாச்சது நான். தூக்கி நிறுத்தறப்போ ரெண்டரை அடி…"

"ரெண்டடி அஞ்சரை அங்குலம்" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. கடிகாரக்காரருக்கே அது தம் வாயிலிருந்துதான் வந்தது என்று ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது.

"…ஆமா, அவ்வளவு பின்னாடி நிறுத்திட்டேன். பயந்துபோயி யார்கிட்டயும் சொல்லல. அவர் தலைகுனிஞ்சு நின்னப்போ உங்களோட சேர்ந்து நானும் சிரிச்சேன். உங்களுக்காவது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சே சிரிச்சேன். அவருக்கு மறுநாளே விஷயம் தெரிஞ்சுபோச்சு. என்னைக் காட்டிக் கொடுக்காம பதினோரு வருஷம் அந்தப் பட்டப்பேரைச் சுமந்தாரு. அவர் கடிகாரம் ஒரு நாளும் தப்பினதில்லை. இனிமே யாரையாவது பார்த்துச் சிரிக்கணும்னா என்னைப் பார்த்துச் சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர் கையிலிருந்த ரொட்டியை மெதுவாகக் கூடையில் வைத்தார்.

அருங்காட்சியகப் பெண்ணின் முகம் வெளுத்துச் சிவந்தது. "ஐயா, இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? நான் மேலிடத்துக்கு எழுதியாகணும்."

"எழுதும்மா. என்ன சொன்னாலும் கட்டுப்படறேன்."

"எழுதத்தான் போறேன்" என்றவள், ஒரு நொடிகூடத் தாங்காமல், "பழைய குழி எங்கே?" என்று கேட்டாள். கடிகாரக்காரர் சட்டைப் பையிலிருந்து நூல்கண்டை எடுத்தார். அதையும் கொண்டுதான் வந்திருந்தார். பாறைக் குழியில் ஒரு முனையைத் தபால்காரர் பிடித்துக்கொள்ள, முடிச்சு விழுந்த இடத்தில் அவள் மெல்லிய இரும்புக்கம்பியை மண்ணில் இறக்கினாள். முழங்கை ஆழத்தில் 'ணங்'கென்று கேட்டது. ஒரு சாண் தள்ளி இறக்கினாள். மறுபடி 'ணங்'. "நட்டவங்க முட்டுக் கொடுத்த கல்லு!" என்று கத்தினாள். அவள் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. "நாலாயிரம் வருஷமா அப்படியே கிடக்குது! இடம் இதேதான்!"

"இடம் இருக்கட்டும். நிழலைக் காட்டணுமே" என்றார் நிலக்காரர். அதற்கும் அவர் ஏற்பாடு செய்திருந்தார். கொட்டிலிலிருந்து இரண்டடி உயரத் தீவனப் பெட்டியைத் தூக்கி வந்து முடிச்சு விழுந்த இடத்தில் வைத்து, கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறி நின்றார். தம் உயரமும் பெட்டியின் உயரமும் சேர்ந்தால் கல்லின் உயரம் வரும் என்று காலையிலேயே அளந்து பார்த்திருந்தார்.

கடிகாரக்காரர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ரெண்டங்குலம் குறையுது மாப்ள."

"காலையில சரியா இருந்துச்சே!"

"காலையில பூட்ஸ் போட்டிருந்திருப்பீங்க. அதோட பெட்டி சேத்துல இறங்குது."

ரொட்டிக்கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தம் வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கடிகாரக்காரரிடம் நீட்டினார். கடிகாரக்காரர் அதை இரண்டு அங்குலத்துக்கு அமுக்கி மடித்து, எம்பி, தம் தங்கையின் கணவர் தலையில் வைத்தார்.

நான்காக நான்கு நிமிடம். மேகம் மூடிக்கொண்டது. இருநூறு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். "போ, போ" என்று யாரோ கோழி விரட்டுவதுபோல் மேகத்தை விரட்டினார்கள். மூன்று நிமிடம். இரண்டு. மேற்கே ஒரு கிழிசல் விழுந்து வெயில் பளீரென்று வயலில் கொட்டியது. கல்லின் நிழல் புல்லின் மேல் நீண்டு கிடந்தது, குழிக்கு இரண்டரை அடி முன்னாலேயே. ஆனால் அந்த நிழலுக்கு இப்போது ஒரு தலை முளைத்திருந்தது. விறைத்த கழுத்தும், இரண்டு காதும், மேலே நசுங்கிய தொப்பியுமாக அது பாறையின் மேல் ஏறி, அங்குலம் அங்குலமாகக் குழியை நோக்கி நகர்ந்தது.

யாரோ ஒருவர் முதலில் 'களுக்'கென்றார். அப்புறம் வயலே வெடித்துச் சிரித்தது. தபால்காரர் பாறைக்கருகில் உட்கார்ந்தே விட்டார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பெட்டியின் மேல் நின்றவருக்கு மூக்கு அரித்தது. ஓர் ஈ வேறு கன்னத்தில் உட்கார்ந்து உலாவியது. அவர் இமையைக்கூட அசைக்கவில்லை. அத்தனை சிரிப்பையும் நின்ற இடத்தில் நின்று வாங்கிக்கொண்டார்.

"இதோ… இதோ…" கடிகாரக்காரர் ஒரு கையில் கடிகாரத்தைப் பிடித்து, மறு கையை உயரத் தூக்கி நின்றார். தொப்பியின் நிழல் குழியின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கியது. "நாலு!"

கைதட்டல் கேட்டு மாடுகள் இரண்டடி பின்வாங்கின. ஜனம் கடிகாரக்காரரைச் சூழ்ந்துகொண்டது. ஆளுக்கொரு கையாக அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ரொட்டிக்கடைக்காரர் தம் கைக்கடிகாரத்தை அவர் முன்னால் நீட்டி, சற்றுத் தயங்கி, "இது கொஞ்ச நாளாப் பிந்துதுங்க. பார்த்துத் தர முடியுமா?" என்று கேட்டார்.

அருங்காட்சியகப் பெண் தாளை முழங்காலில் விரித்து, கடைசிப் பத்தியைக் குறுக்காக அடித்தாள். "இப்ப இந்த இடத்துல என்ன எழுதறது?"

"எழுதிக்கோம்மா" என்றார் நிலக்காரர், பெட்டியின் மேலிருந்து, முகத்தைத் திருப்பாமலே. "இந்தக் கல்லை இடிச்சு நகர்த்தினது இந்த நிலத்துக்காரன். நேரத்தைச் சரியாச் சொன்னது அவன் மச்சான். பெரிய எழுத்தாப் போடு. அழியாத தகட்டுல போடு. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்."

"தலைய ஆட்டாதீங்க மாப்ள" என்றார் கடிகாரக்காரர். "நிழல் இன்னும் குழிக்குள்ளதான் இருக்கு. எல்லாரும் பார்த்துக்கட்டும்."